எக்ஸ்சேஞ்ச், ஸ்கிராப், வெளி விற்பனை: புது காருக்கு எந்தச் சலுகை எதோடு சேரும்?

மாதவரம் 200 அடி சாலையிலோ பெரம்பூரிலோ ஷோரூம் வாசலில் “65,000 ரூபாய் வரை சலுகை” என்று பேனர் கட்டியிருந்தால், அந்த 65,000 முழுதாக ஒரே ஆளுக்குக் கிடைப்பது அபூர்வம். ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் (பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுப்பதற்கு), ஸ்கிராப்பேஜ் போனஸ் (பழைய காரை உடைக்கக் கொடுப்பதற்கு), கார்ப்பரேட் தள்ளுபடி, இலவச ஆக்சஸரீஸ் எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட தொகை அது. இவற்றில் சில சேர்ந்து வரும். சிலவற்றில் ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். நம் கையில் இருக்கும் கிரெடிட் கார்டு புள்ளிகள், கார் கம்பெனியின் ரிவார்டு புள்ளிகள், பழைய இன்சூரன்ஸின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) எல்லாம் அதற்கு மேல்.

20,000 ரூபாய் என்பது வட சென்னைப் பக்கத்துப் பல வீடுகளில் பிள்ளையின் ஒரு டேர்ம் ஸ்கூல் ஃபீஸ். அதனால் எதிரெதிரே வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காரை எந்த வழியில் கொடுக்கிறோம், இன்சூரன்ஸை எங்கே போடுகிறோம் என்ற இரண்டில்தான் பெரிய பணம் இருக்கிறது. கார்டு புள்ளிகளெல்லாம் அதற்கு வெகு பின்னால்.

பழைய காருக்கு மூன்று வழி

கணக்குக்காக ஒரு காரை வைத்துக்கொள்வோம். ஷோரூம் விலை 8,50,000. ரொக்கத் தள்ளுபடி 25,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, கார்ப்பரேட் 5,000, ஆக்சஸரீஸ் கிட் 10,000. வாங்குபவர் மணலியில் வேலை செய்கிறவர். வீட்டில் 11 வருடம் ஓடிய சின்ன கார் ஒன்று நிற்கிறது.

முதல் வழி, எல்லாவற்றையும் ஷோரூமிலேயே முடிப்பது. பழைய காருக்கு 1,50,000 மதிப்புப் போடுகிறார்கள். போனஸைச் சேர்த்தால் 1,75,000. ஒரே இடத்தில் கையெழுத்து, ஆர்.சி. (பதிவுச் சான்று) மாற்றும் வேலையும் அவர்கள் தலையில்.

இரண்டாவது வழி, பழைய காரை வெளியே விற்பது. அதே கார் வெளியே 1,90,000-க்குப் போகிறது என்றால், போனஸை விட்டுக்கொடுத்தும் 15,000 கூடுதல். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளி விலைக்கும் ஷோரூம் போடும் மதிப்புக்கும் உள்ள இடைவெளி போனஸைவிடப் பெரியதா? இங்கே இடைவெளி 40,000, போனஸ் 25,000. வெளியே விற்பதே லாபம். இடைவெளி 20,000 மட்டும்தான் என்றால் ஷோரூமில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். “எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 தர்றோம் சார்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அந்த 25,000-ஐ பழைய கார் மதிப்பிலேயே குறைத்துவிடும் பழக்கம் உண்டு. அதனால் போனஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, பழைய காருக்கு என்ன விலை என்று தனியாகக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கும் முன்னால், வெளியே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வைத்திருங்கள்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. சில ஷோரூம்கள், பழைய காரை நாம் வெளியே விற்றாலும், வாங்கியவர் பெயருக்கு மாறிய ஆர்.சி. நகலைக் காட்டினால் எக்ஸ்சேஞ்ச் போனஸை ஒப்புக்கொள்கின்றன. வெளி விலை 1,90,000, அதோடு போனஸ் 25,000. மூன்று வழிகளையும் மிஞ்சுவது இதுதான். ஆனால் பெயர் மாற்றம் குறிப்பிட்ட நாளுக்குள் முடிய வேண்டும். பழைய காரும் புது காரும் ஒரே பெயரிலோ கணவன், மனைவி, பெற்றோர் போன்ற நெருங்கிய உறவின் பெயரிலோ இருக்க வேண்டும் என்பார்கள். வாயால் “பண்ணிக்கலாம் சார்” என்றால் போதாது. ஆர்டர் ஃபாரத்தில் வரி வரியாக வர வேண்டும்.

வெளியே விற்பதில் இருக்கும் தலைவலியையும் சொல்லியாக வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறும் வரை அபராத சலான் உங்கள் செல்போனுக்குத்தான் வரும். விபத்து நடந்தால் வழக்கிலும் உங்கள் பெயர் இருக்கும். பழைய கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். இதற்கெல்லாம் ஓட முடியாத நிலையில் இருப்பவர்கள் 15,000 ரூபாயை விட்டுவிட்டு ஷோரூமிலேயே கொடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி ஸ்கிராப். 15 வருடம் தாண்டிய, விற்றால் யாரும் விலை சொல்லாத காருக்கு இது. அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால், இரும்பு விலையோடு, காரை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழ் ஒன்றும் தருவார்கள். 2024 ஆகஸ்டில் பெரிய கார் கம்பெனிகள் ஒரு வருடத்துக்கு என்று மத்திய அரசிடம் ஒப்புக்கொண்ட கணக்கின்படி, 6 மாதத்துக்குள் ஸ்கிராப் செய்த சான்றிதழுக்கு ஷோரூம் விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது கிடைத்தது. நம் 8,50,000 ரூபாய் காருக்கு அந்தக் கணக்கில் 12,750 மட்டுமே. 20,000 முழுதாகக் கிடைக்க காரின் விலை 13.33 லட்சத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் மாதச் சலுகையில் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. எப்படியானாலும் எக்ஸ்சேஞ்ச் போனஸும் ஸ்கிராப் போனஸும் ஒரே பில்லில் சேராது. ஒன்றுதான்.

ஸ்கிராப் சான்றிதழுக்குப் பதிவுக் கட்டணம் தள்ளுபடி என்பதும் காதுக்கு நன்றாக இருக்கும். காருக்கு அந்தக் கட்டணமே 600 ரூபாய்தான். சாலை வரிச் சலுகையோ வேறு கதை. மத்திய விதி சொந்த வாகனத்துக்கு 25 சதவீதம் வரை இடம் கொடுக்கிறது. சான்றிதழோடு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில், அது செங்குன்றமோ தண்டையார்பேட்டையோ, முதலில் கேட்டுவிட்டுப் பிறகு காரை ஒப்படையுங்கள்.

ஓடாத காரை காயலான் கடையில் போட்டுவிட்டுக் கிடைத்த காசை வாங்கிக்கொள்வது நம் ஊர் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். டெபாசிட் சான்றிதழ் கிடைக்காது, சலுகையும் போய்விடும். அதைவிட மோசம், கார் துண்டு துண்டான பிறகும் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும்.

அடையாள அட்டையின் மதிப்பு

கார்ப்பரேட் தள்ளுபடி விஷயத்தில் வட சென்னைக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், மணலி சிபிசிஎல் எண்ணெய் ஆலை, எம்எஃப்எல் உர ஆலை, எண்ணூர் அசோக் லேலண்ட், வட சென்னை அனல் மின் நிலையம், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், ஐசிஎஃப், ஸ்டான்லி மருத்துவமனை என்று அரசு, பொதுத்துறை, பெரிய கம்பெனி அட்டை வைத்திருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அட்டையும் சம்பளச் சீட்டும் போதும். தொகை சில ஆயிரம்தான், ஆனால் பெரும்பாலும் ரொக்கத் தள்ளுபடியோடும் எக்ஸ்சேஞ்சோடும் சேர்ந்தே வரும். அப்பா பெயரில் கார், மகளுக்குத்தான் அட்டை என்றாலும் கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் குடும்பத்தினருக்கும் தருகின்றன. கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்வதில்லை.

ஆக்சஸரீஸ் கிட்டை நான் பாதி விலைக்குத்தான் கணக்கில் எடுப்பேன். மேட், சீட் கவர், மட் ஃப்ளாப் எல்லாம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். “கிட் வேண்டாம், அதைப் பணமா கழிச்சுக் கொடுங்க” என்று கேளுங்கள். வயரை வெட்டி இணைக்கும் சாமான்களை மட்டும் வெளியே போடாதீர்கள், வாரண்டி அடிபடும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலை ஒட்டி வீடு என்றால் அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு மட்டும் அவசியம் கேட்டு வாங்க வேண்டியது.

ஷோரூம் வழியாகவே கடன் எடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்பார்கள். 6 லட்சம், 5 வருடம், வட்டி 9-லிருந்து 9.5 ஆனால் மொத்தத்தில் சுமார் 8,800 ரூபாய் கூடும். தள்ளுபடி அதற்கு மேல் இருந்தால் மட்டும் சரி.

இன்சூரன்ஸ்: ஷோரூமா, வெளியா?

2018 செப்டம்பரிலிருந்து புது காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி (நம் காரால் மற்றவருக்கு ஆகும் பாதிப்புக்கான) இன்சூரன்ஸ் கட்டாயம். அந்தத் தொகை எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். பேரம் பேச இடமிருப்பது சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆன் எனும் கூடுதல் கவர்களிலும்தான். ஷோரூமில்தான் போட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் “வெளிய போட்டா டிஸ்கவுன்ட் குறையும் சார்” என்பார்கள். அப்போது இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்து, குறையும் தள்ளுபடி பெரியதா, மிச்சமாகும் பிரீமியம் பெரியதா என்று பாருங்கள். வெளி கொட்டேஷனைக் காட்டியதுமே ஷோரூம் பிரீமியம் இறங்குவதும் உண்டு. இறங்கினால் அங்கேயே போடுங்கள். கிளெய்ம் நேரத்தில் அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலை சுலபம்.

ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே கவர் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் சுரங்கப்பாதையைத் தினமும் தாண்டுகிறவருக்கும், கொளத்தூர், கொடுங்கையூர், மணலி என்று மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெருவில் வீடு உள்ளவருக்கும் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசி மலிவான பாலிசி ஆகாது. தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கெட்டுப்போனால் சாதாரண பாலிசி பொதுவாகக் கைகொடுக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்காயிரம், ஐந்தாயிரம் மிச்சம் என்று இதை நீக்கிக் காட்டும் கொட்டேஷனை ஒதுக்கிவிடுங்கள்.

எல்லாச் சலுகையோடும் சேரும் ஒன்று இருக்கிறது என்றால் அது நோ கிளெய்ம் போனஸ். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடமானால் 50 சதவீதம். எக்ஸ்சேஞ்சோ வெளி விற்பனையோ ஸ்கிராப்போ, எந்த வழியில் போனாலும் பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால் 3 வருடம் வரை புது காருக்குப் பயன்படுத்தலாம். சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 என்றால் 50 சதவீதத்துக்கு 10,000 கழியும். கார்ப்பரேட் தள்ளுபடிக்கு இரண்டு மடங்கு! பழைய காரோடு பாலிசியையும் அப்படியே கொடுத்துவிட்டு இதை இழக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

புள்ளிகள்

சாதாரண கார்டில் 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 காசு என்று வையுங்கள். ஒரு லட்சத்தைத் தேய்த்தால் கிடைப்பது 250 ரூபாய். ஷோரூம் கார்டுக்கு 2 சதவீதம் கேட்டால் போவது 2,000. கூடுதல் கட்டணம் இல்லாமல் எடுக்கும் புக்கிங் தொகைக்கு மட்டும் கார்டு சரி. அல்லது வருடச் செலவு இலக்கைத் தொட்டால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாகும் என்ற நிலையில் சரி. பில் வந்ததும் முழுதாகக் கட்ட முடியாதவர்கள் பக்கமே போகக் கூடாது. மாதம் மூன்றரை சதவீத வட்டி எந்தச் சலுகையையும் தின்றுவிடும். ஏற்கெனவே சேர்ந்த புள்ளிகளை வவுச்சராக மாற்றி டேஷ் கேமராவோ டயர் பம்போ வாங்கிக்கொள்ளலாம்.

மாருதி போன்ற கம்பெனிகளின் ரிவார்டு புள்ளிகளை சர்வீஸ், ஆக்சஸரீஸ் பக்கம் பயன்படுத்துவதே எளிது. புது கார் பில்லில் கழிப்பார்களா, மற்ற சலுகையோடு சேருமா என்பதை புக்கிங்குக்கு முன்பே கேளுங்கள்.

10 லட்சக் கோடு

“இவ்வளவு ஆஃபர் கிடைக்குது, ஒரு வேரியண்ட் மேல போயிடுங்க சார்” என்ற பேச்சில் மயங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை சாலை வரி 13 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. 10,20,000 ரூபாய் காருக்கு 1,83,600. விலையில் 30,000 வித்தியாசம், வரியில் மட்டும் 54,900 வித்தியாசம். அதோடு 10 லட்சத்துக்கு மேல் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் இப்போது கையிலிருந்து போகும். பேனரில் இருந்த மொத்தச் சலுகையும் இந்த ஒரு படியில் கரைந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் முன்பு வாங்கிய விலையோடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது, செஸ் என்ற கூடுதல் வரியும் போனது. அந்தக் குறைப்பை ஷோரூம் தன் தள்ளுபடிபோலச் சொன்னால் ஏற்காதீர்கள்.

எப்போது பில் போடுவது

சலுகை மாதத்துக்கு மாதம் மாறும், புக்கிங் தேதிக்கு இல்லை, பில் தேதிக்குத்தான். டிசம்பரில் தள்ளுபடி அதிகம், ஆனால் தயாரிப்பு வருடம் பழையதாகி மறுவிற்பனையில் இடிக்கும். ஏழெட்டு வருடம் வைத்திருப்பவருக்கு மட்டும் அது பொருட்டில்லை. டிசம்பர் ஸ்டாக் மழையில் யார்டில் நின்ற வண்டியாகவும் இருக்கலாம், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்தது ஆடி. கூட்டம் இல்லை, விற்பனையாளருக்கு டார்கெட் இருக்கிறது, பேச நேரமும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்றால் அவர்கள் மனதை நோகடிக்க வேண்டாம். பில்லும் இன்சூரன்ஸும் ஆடியில், சாவி ஆவணி முதல் முகூர்த்தத்தில் என்று கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஷோரூம்கள் உண்டு. அதுவரை கார் அவர்கள் யார்டில் நிற்கும். அதனால் பில் போடும் நாளில் சேசிஸ் எண்ணையும் ஓடோமீட்டர் அளவையும் போட்டோ எடுத்து வைத்து, சாவி வாங்கும் நாளில் இரண்டையும் சரிபார்த்துவிட்டே டெலிவரிக் கையெழுத்துப் போடுங்கள்.