பின்புறத்தை ஒட்டி மூடிய ஓவியத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்

அப்பா வனஜீவராசிகள் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வில்பத்து தேசியப் பூங்காவில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, வில்லு என்று அங்கே சொல்லும் இயற்கைக் குளத்தின் கரையில், பாலை மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரும்படி திருகோணமலையில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "வில்பத்துக்குப் போய்ப் பார்த்து வரைகிறவன் நான், ஆறு வாரம் தாருங்கள் அக்கா" என்றார். விலை 60,000 ரூபா, முற்பணம் 40,000. பற்றுச்சீட்டில் 'படம் 1' என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

பத்து வாரம் கழித்துத்தான் படம் வந்தது. சட்டமிட்டு, பின்புறம் முழுவதும் பழுப்புத் தாள் ஒட்டி மூடியிருந்தது. பார்க்க அழகாகவே இருந்ததால் மீதியையும் கொடுத்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது எங்கள் சிறுத்தை இல்லை, பிள்ளை" என்று விலாவில் விரல் வைத்துக் காட்டினார். சிறுத்தையின் உடலில் உள்ள வளையங்களின் நடுப்பகுதி வெறுமையாக இருக்கும். இந்தப் படத்திலோ வளையங்களுக்குள்ளே சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். தலை பெருத்து, வால் குட்டையாக இருந்தது. அது ஜாகுவார், அமெரிக்கக் கண்டத்து விலங்கு. பின்னணியும் வில்பத்துவின் உலர்ந்த காடு இல்லை. கொடிகள் தொங்கும் மழைக்காடு.

பிறகு தாளைக் கிழித்தேன். கித்தானின் பின்பக்கம் ஒரு கறைகூட இல்லாத வெள்ளை, எண்ணெய் வாசனையே இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நிறமெல்லாம் நுண்ணிய அச்சுப் புள்ளிகள். மேலே தெரிந்த தூரிகைத் தடங்கள் நிறமற்ற பசையில் இழுக்கப்பட்டவை. மீசை மயிர் ஒரு பக்கம் போக, பசைக்கோடு அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது.

அச்சுப்படம் விற்பது குற்றமில்லை. அச்சென்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கலாமே! திரும்பக் கொண்டுபோனபோது, "சிறுத்தை எல்லாம் ஒன்றுதானே" என்றார் கடைக்காரர். இலங்கையில் மட்டுமே வாழும் ஒரு துணையினத்தைக் காப்பதில் வாழ்நாளைச் செலவிட்டவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் எனக்கு ஆறவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். படம் வரையச் சொல்கிறவர்கள் பற்றுச்சீட்டில் 'கையால் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம்' என்று எழுதி வாங்குங்கள். பாதி வரைந்த நிலையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பின்புறம் ஒட்டிய படம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்துப் பாருங்கள்.