செல்ஃப் மோட்டாரை வீட்டிலேயே மாற்றியதும் அதன் பிறகான அனுபவமும்

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிமுறை நடைமுறைக்கு வந்த பின் வெளியான பல வண்டிகளைப் போல, என்னுடைய 150 சிசி வண்டியிலும் கிக்கர் கிடையாது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்கு வந்துபோகும் எனக்கு, பொத்தானை அழுத்தியதும் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லையென்றால் தள்ளி ஸ்டார்ட் செய்வது ஒன்றுதான் வழி. பெட்ரோலைச் செலுத்தவும் மின்சாரம் தேவைப்படும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

காலையில் தயக்கமின்றி எடுத்த வண்டி, வெயிலில் ஓடிவந்து பெட்ரோல் பங்கில் நின்றதும் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடும்; சிறிது நேரம் கழித்து அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். “பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திருவோம்” என்பதே இதற்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் பதில். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும் என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு சாதாரண மல்டிமீட்டர் கையில் இருந்தால், பணத்தைச் செலவழிக்கும் முன்பே உண்மையைத் தெரிந்துகொள்ள முடியும்.

நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். என் வண்டியில் அது சரியாகவே இருந்தது. அடுத்து பார்க்க வேண்டியது, பொத்தானை அழுத்தும் கணத்தில் அந்த அளவு எவ்வளவு இறங்குகிறது என்பதை. பேட்டரி பலவீனமாக இருந்தால் அது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்துவிடும். எனக்கோ, ‘டக்’ சத்தம் கேட்ட அந்த நேரத்திலும் மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. அதாவது மோட்டார் மின்சாரத்தை இழுக்கவே இல்லை. இழுக்காத மோட்டாருக்கு எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் பயனில்லை. மோட்டாரின் முனையில் மீட்டரை வைத்து அழுத்திப் பார்த்தபோது அங்கும் ஏறத்தாழ முழு வோல்ட்டேஜ் வந்தது, ஆகவே ரிலேயும் (பொத்தானை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) கேபிளும் தப்பின. மோட்டாரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்டியதால், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தும் சரி. கடைசியாக, பொத்தானை அழுத்திக்கொண்டே ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மோட்டாரை மெதுவாகத் தட்டியதும் அது சுழன்றது. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. (சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் அளவீட்டில் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்க முயல வேண்டாம், அது இழுப்பது அதைவிடப் பல மடங்கு, மீட்டரோ அதன் ஃபியூஸோ போய்விடும்.)

கழற்றும் வேலை எளிதானது. எஞ்சின் ஆறிய பின் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட வேண்டும். மோட்டாரின் முனையில் உள்ள ரப்பர் மூடியை ஒதுக்கினால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நட்டுகள் தெரியும். அடியில் இருப்பதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேலே இருப்பதை மட்டும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் போல்ட்டே திரும்பி, பிரஷ் தட்டை முறுக்கிவிடும். பிறகு இரண்டு போல்ட்டுகளை எடுத்து, மோட்டாரை இடதும் வலதும் மெல்ல அசைத்து உருவினால் வந்துவிடுகிறது. சுத்தியலுக்கு இதில் வேலையே இல்லை.

பின்மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. பிரஷ்கள் ஸ்பிரிங் அழுத்தம் எட்டாத அளவுக்குக் குட்டையாகியிருந்தன. பிரஷ் செட்டின் விலை சில நூறு ரூபாய்தான் என்பதால் அதை மட்டும் மாற்றும் எண்ணம் எனக்கு இருந்தது. ஆனால் பிரஷ்கள் உரசும் உருளையான கம்யூட்டேட்டரின் செம்பில் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதன்மேல் புதிய பிரஷ் வைத்தால் சீக்கிரமே அதுவும் தேய்ந்துவிடும். எனவே சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் முழு மோட்டாராகவே வாங்கினேன். மோட்டார் முனையில் உள்ள பற்சக்கரப் பற்களின் எண்ணிக்கையையும் போல்ட் துளைகளையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பொருத்தும்போது, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான புதிய ஓ ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவினால் அது மடங்காமல் உள்ளே போகும். போல்ட்டுகள் அலுமினிய மரையில் இறங்குபவை என்பதால் பலத்தைக் காட்டாமல் முறுக்குவது நல்லது.

அதன் பிறகு ஒரு ஐப்பசி மழையும் ஒரு கத்திரி வெயிலும் கடந்துவிட்டன. பாலங்களின் அடியில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கிய நாட்களிலும் செல்ஃப் ஏமாற்றவில்லை, ஓ ரிங் வழியாக ஆயில் கசியவும் இல்லை. பழைய மோட்டாரைவிடச் சத்தம் சற்றுக் கீச்சென்று இருப்பது மட்டுமே என் மனக்குறை. பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்துவதில்லை என்பதையும், எடுக்காவிட்டால் சற்று ஆறவிட்டு மறுபடி அழுத்துவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். மோட்டார் சுழன்றும் எஞ்சின் சுழலாவிட்டால் கோளாறு, மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச் பக்கம் இருக்கும். அதற்கு மேக்னெட் கவரைக் கழற்ற வேண்டும், இழுத்துக் கழற்றும் கருவியான தனிப் புல்லரும் தேவைப்படும் என்பதால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே என் முடிவு.

பழைய மோட்டாரை, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்து, கம்யூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, பிரஷ் மாற்றி வாங்கி வைத்திருக்கிறேன்.