வாரம் ஒரு செய்முறையா, பருவம் முழுவதும் ஒரே செயல்திட்டமா?

முதுநிலை உயிர்வேதியியல் ஆய்வக வகுப்பை நடத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வாரந்தோறும் புதிய செய்முறை: இந்த வாரம் லௌரி முறையில் புரத அளவீடு, அடுத்த வாரம் நொதி வினைவேகம், பிறகு ஜெல் எலெக்ட்ரோஃபோரெசிஸ். மற்றொன்று, பருவம் முழுவதையும் ஒரே கேள்விக்கு ஒதுக்குவது.

இரண்டாவது வழிக்குப் பச்சை ஒளிர் புரதம் மிகவும் ஏற்றது. அதன் 238 அமினோ அமிலங்களில் 65ஆவதான செரினைத் திரியோனினாக மாற்றினால், ஒளியை உறிஞ்சும் உச்சம் 395 நானோமீட்டரிலிருந்து 490க்கு அருகே நகர்கிறது; 66ஆவதான டைரோசினை ஹிஸ்டிடினாக்கினால் ஒளிர்வு நீலமாகிறது. மாற்ற வேண்டிய இடத்தை மாணவர் குழுவே தேர்ந்து, பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வடிவமைத்து, பிசிஆர் என்னும் டி.என்.ஏ. நகலெடுப்பு வழியே, புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டில் (வட்ட டி.என்.ஏ.வில்) மாற்றத்தைப் புகுத்தி, ஈ.கோலை பாக்டீரியாவில் புரதத்தை உற்பத்தி செய்து, புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் பிசினில் தூய்மைப்படுத்தி, நிறமாலையை அளக்கிறது.

நுட்பங்களில் பெரிய வேறுபாடு இல்லை; பிழையான முடிவு என்னவாகிறது என்பதில்தான் வேறுபாடு. வாரச் செய்முறையில் சரியான விடை மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டிலேயே இருப்பதால், விலகிப்போன புள்ளி வரைபடத்தில் மெல்ல நேர்கோட்டுக்கு வந்துவிடும் (இதைக் காணாத ஆசிரியர் எவரும் இருக்க முடியாது). செயல்திட்டத்திலோ, மாற்றியதாக நம்பிய புரதம் பழைய நிறமாலையையே காட்டினால் வேலை அங்கேயே நின்றுவிடும். நகலெடுப்புக்கு மூலமான, மாறாத தாய் பிளாஸ்மிட்டை வெட்டி நீக்க வேண்டிய டிபிஎன்-1 நொதி அதை முழுமையாக வெட்டவில்லையா, தட்டில் வளர்ந்தவை மாறாத பிளாஸ்மிட்டைச் சுமந்த காலனிகளா என்று பின்னோக்கித் தேட வேண்டும். தாய் பிளாஸ்மிட் மிஞ்சியிருக்கிறதா என்று காட்டும், பிசிஆர் செய்யாத கட்டுப்பாட்டுத் தட்டு எதற்கு என்பது அப்போதுதான் உறைக்கும். வாய்மொழித் தேர்வில் ஒப்பிக்கும் வரையறையால் அது உறைப்பதில்லை.

ஆனால் கைப்பழக்கத்தில் பழைய வழியே மேல். நால்வர் குழுவில் ஒருவர் பிப்பெட் பிடிக்க, மற்றொருவர் எழுத, இருவர் பார்த்துக்கொண்டிருப்பது செயல்திட்டங்களில் வழக்கம். வாரச் செய்முறையில் ஒவ்வொருவரும் தம் அளவீட்டுக் கோட்டைத் தாமே வரைந்தாக வேண்டும். அதனால் முதல் நான்கு வாரங்களை அதே புரதத்தைக் கொண்டு தனித்தனிப் பயிற்சியாக நடத்திவிட்டுச் செயல்திட்டத்தைத் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

மதிப்பெண்ணை ஒளிரும் புரதத்துக்குக் கொடுத்தால் பழைய பொய்யே புது வடிவில் திரும்பும். அன்றாடக் குறிப்பேட்டுக்கும் பிழைதேடலுக்குமே கொடுக்க வேண்டும். மாற்றம் புகுந்ததாக டி.என்.ஏ. வரிசை பார்த்து உறுதிசெய்த பிளாஸ்மிட் ஒன்றை ஆசிரியர் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், முடங்கிய குழுவும் தூய்மைப்படுத்தும் கட்டத்துக்குள் நுழைந்துவிடலாம்.