மே மாதம் மாமல்லபுரத்தில் கல்யாணம் வைப்பவர்கள் கவனத்துக்கு: ‘ஜெனரேட்டர் உண்டு’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

போன மே மாதம் என் தங்கை கல்யாணத்தை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடத்தினோம். கத்திரி வெயில் என்று தெரியும். ஆனால் மாப்பிள்ளைக்கு டொராண்டோவில் அப்போதுதான் லீவு கிடைத்தது. அவர் பக்கம் பதினாறு பேர், எங்கள் பக்கம் கோத்தகிரியிலிருந்து பெரியப்பா குடும்பம். யாருக்கும் இந்தப் புழுக்கம் பழக்கமில்லை. அதனால்தான் ஏற்பாட்டாளர் ‘விருந்தினர் கவனிப்பு’ என்று தனியாக 65,000 ரூபாய் கேட்டபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தோம்.

அந்தப் பணத்துக்கு முதலில் வந்தது வாட்ஸ்அப்பில் ஒரு வழிகாட்டி. ‘மாலையில் குளிரும், சால்வை கொண்டு வாருங்கள்’ என்று அதில் இருந்தது! எங்கேயோ வடக்கே டிசம்பரில் நடந்த கல்யாணத்துக்கு எழுதியதை அப்படியே தேதி மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பருத்தி உடை, தண்ணீர், பகலில் வெளியே போக வேண்டாம் என்று ஒரு வரி இல்லை. அதை நம்பி மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் கனத்த ஷெர்வானியில் வந்து நின்றார்கள்.

அப்புறம் வரவேற்புப் பை. ஓஆர்எஸ் பொட்டலம் தருவதாகப் பேச்சு. இருந்ததோ இனிப்பு ஜூஸ் டப்பா. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும், உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்த பொட்டலம்தான் ஓஆர்எஸ். இனிப்புப் பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டிருக்கிறது.

முகூர்த்தம் முடிந்து 9.40க்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கும் மின்விசிறியும் வந்தன, ஏசி வரவில்லை. ஏற்பாட்டாளரைக் கேட்டால், “கதவைத் திறந்து விடுங்க சார், கடல்காத்து வரும்” என்கிறார். மே மாதத்தில் இந்தக் கரையில் கடல்காற்று உள்ளே வருவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான். அதுவரை மேற்கிலிருந்து வரும் அனல்காற்றுதான். திறந்த கதவு வழியாக அதுதான் வந்தது. முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் வியர்வை காயவே இல்லை. பத்தேகால் மணிக்குப் பெரியப்பா நாற்காலியிலேயே சரிந்தார். செங்கல்பட்டுக்குக் கொண்டு போய் இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் பேசினார். 68 வயது மனிதர். தங்கை மணக்கோலத்தோடு வாசலில் நின்று அழுததை நான் மறக்க மாட்டேன்.

பிறகுதான் ஜெனரேட்டரைப் போய்ப் பார்த்தேன். அதன் திறன் 25 கேவிஏ. அதில் ஏறத்தாழ 20 கிலோவாட்தான் எடுக்க முடியும். மண்டபத்து ஏசி மட்டும் 30 டன். அதற்கே 30 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். ஆக, ஏசி ஓடாது என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். ஒப்பந்தத்தில் ‘ஏசி மண்டபம், ஜெனரேட்டர் வசதி’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஜெனரேட்டரில் ஏசியும் ஓடும் என்று நம்மை நினைக்க வைத்திருக்கிறார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் கேவிஏ எவ்வளவு, ஏசி அதில் ஓடுமா என்று எழுதி வாங்குங்கள். மெயின் சுவிட்சை அணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெளியூர் ஆட்களுக்கான செய்தியை நீங்களே எழுதுங்கள், உங்கள் ஊர் வெயில் உங்களுக்குத்தான் தெரியும்.

பணத்தைக் கேட்டு மூன்று முறை போனேன். டீசல் காசு 4,000 மட்டும் திருப்பித் தந்தார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சால்வைச் செய்தியையும் ஜெனரேட்டர் போட்டோவையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.