அம்பை – பாளை சாலையில் பழைய வேகன் ஆர்: ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகன் ஆர் கார். அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய்வருவது இதில்தான். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலச்செவல், முன்னீர்பள்ளம் என்று ஊர் ஊராகப் புகுந்து வரும் சாலை. நம்ம பக்கம் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையும், அதன் வாலைப் பிடித்து வரும் மார்கழி, தைப் பனியும்தான். இந்த நாலு மாதத்துக்காக வண்டியில் மாற்றியவை சில வருடமாக எப்படி உழைக்கின்றன என்று சொல்கிறேன்.

காசுக்கு அதிகம் உழைத்தது வைப்பர் ரப்பர். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் வண்டியின் ரப்பர் ஆடி மாதமே விறைத்துவிடும். மழை வருகிறவரை அது தெரியாது. வந்ததும் 'டர்ர்' என்று கண்ணாடியில் தத்தித் தத்திப் போய், சரியாக நம் கண் மட்டத்தில் ஒரு பட்டை தண்ணீரைத் துடைக்காமல் விடும். எதிரே பஸ் லைட் அடித்தால் அந்தப் பட்டை மட்டும் முழுக்க வெள்ளை. வருடா வருடம் புரட்டாசிக் கடைசியில் மாற்றுகிறேன். கண்ணாடியில் படியும் டீசல் புகைப் பிசுக்கை ஷாம்பு தண்ணீரால் கழுவாமல் புது ரப்பர் போட்டும் பிரயோஜனமில்லை. மழைத்துளி ஒட்டாமல் ஓடக் கண்ணாடியில் பூசுகிற திரவமும் வாங்கிப் பார்த்தேன். நாற்கரச் சாலை வேகத்தில் துளி பறக்கிறது, சரி. சேரன்மகாதேவி கடைத்தெருவில் ஊரும்போது அப்படியே நிற்கிறது. இனி வாங்க மாட்டேன்.

அடுத்தது டயர். வண்டியோடு வந்த டயரில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுபள்ளம், நன்றாகவே இருந்தது. டயர்க்கடைக்காரர் குனிந்து பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பட்டன் இருக்கு, ரப்பர் செத்துட்டு" என்றார். அந்த நாலில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரம் செய்த டயர். பழசானால் ரப்பர் கெட்டியாகி ஈரத்தில் பிடிப்பு குறையும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வரை சட்டம் விடும். ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனாலே தேங்கிய தண்ணீரை வெளித்தள்ளும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். மாற்றிய பிறகு வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. அப்படியும் தண்ணீர்மேல் வண்டி மிதப்பது போலிருந்தால் பிரேக்கைத் தொடக்கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் போதும்.

எந்த டயருக்கும் அடங்காதது ஒன்று இந்தச் சாலையில் உண்டு. பிசான நெல் போகத்தின் நடவு நேரத்தில், வயலில் தொளி (நடவுக்கான சேறு) உழுத டிராக்டர், சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கேஜ் வீலோடு ரோட்டில் ஏறும். கொத்துக் கொத்தாகச் சேறு விழும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், தூறல்தான் ஆபத்து. சேறு வெண்ணெயாகக் குழைந்து கிடக்கும், பைக்கில் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்கள் ரோட்டை ஒட்டி வரும் இடங்களில் அந்த மாதங்களில் நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை.

ஏசி விஷயத்தில் வீட்டில் தினம் பஞ்சாயத்து. "மழைக்குள்ள எதுக்குல ஏசி, அணைச்சிரு" என்பார் அம்மா. அணைத்தால் நனைந்த துணியோடு நாலு பேர் விடும் மூச்சில் கண்ணாடி உள்ளே வெளுத்துவிடும். ஏசி குளிருக்கு மட்டுமில்லை, காற்றின் ஈரத்தையும் அதுதான் உறிஞ்சும். ஏசியைப் போட்டு, சூட்டுப் பக்கம் கொஞ்சம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சட்டென்று தெளியும். மார்கழி விடியலில் கண்ணாடி வெளிப்பக்கம் பூத்தால் வைப்பர் ஒரு தடவை போட்டுக் குளிரைக் குறைத்தால் சரி.

லைட் கதை வேறு. வண்டியை முன்பு வைத்திருந்தவர், ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட் கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகியிருந்தார். வெயில்காலத்தில் ஜோர். மூடுபனியிலோ வெளிச்சம் கண்டபடி சிதறி முன்னால் வெள்ளைச்சுவர் எழுப்பியது. ஹை பீம் போட்டால் கேட்கவே வேண்டாம். பழையபடி ஹாலஜனே போட்டு, லோ பீமிலேயே ஓட்டுகிறேன். ஃபாக் லேம்ப் மஞ்சளா வெள்ளையா என்பதைவிட, அது தாழ்வாக இருந்து ரோட்டை ஒட்டி அடிப்பதே முக்கியம். நாலு இண்டிகேட்டரையும் மின்னவிட்டு ஓட்டுபவர்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று அந்தப் பனியில் யாருக்குத் தெரியும்? தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கும் பக்தர்களும் விடியுமுன் ரோட்டோரம் வருவார்கள். முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தூரத்திலேயே தெரிகிறது, இல்லாவிட்டால் பக்கத்தில் போனபிறகுதான் ஆள் தெரிகிறது.

இவற்றில் எதுவும் 2023 டிசம்பர் 17, 18 மாதிரி நாளுக்கு உதவாது. காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டி நின்ற நாள் அது. தரைப்பாலத்தில் ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரைத் தள்ளிவிடும். முன்னால் லாரி போகிறதே என்று பின்னால் இறங்கக்கூடாது; அதன் எடை வேறு, நம்ம எடை வேறு.

வைப்பர், டயர் இரண்டுக்கும் மறுபடி காசு போடுவேன். இந்தப் புரட்டாசியில் பின்கண்ணாடி வைப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதுவும் 'டர்ர்' என்கிறது.