எக்ஸ்-43ஏ, எச்டிவி-2: தோல்வியிலிருந்து கூடுதலாகக் கற்றது எது?

2001 ஜூன் 2. நாசாவின் ஆளில்லா அதிவேகச் சோதனை விமானமான எக்ஸ்-43ஏ, பி-52 விமானத்திலிருந்து விடுபட்ட சில நொடிகளில் அதன் பூஸ்டர் ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்தது. பசிபிக் கடலுக்கு மேலேயே அழிக்கப்பட்டது. சோதிக்க வேண்டிய ஸ்கிராம்ஜெட் எஞ்சின் (ஒலியை மிஞ்சிய வேகத்தில் உள்ளே பாயும் காற்றிலேயே எரிபொருளை எரிப்பது) எரியவே இல்லை! விசாரணைக் குழு ஏதோ ஓர் உதிரிப் பாகத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோகவில்லை. மாதிரிக் கணக்குகள் துல்லியமாக இல்லை, அதனால் கட்டுப்பாட்டு அமைப்பின் பாதுகாப்பு வரம்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிந்தது என்றது. மறுமுறை காற்றழுத்தம் குறைந்த உயரத்தில், சுமார் 40,000 அடியில் விடுவித்தார்கள். பூஸ்டரின் திட எரிபொருளிலும் ஒரு பகுதியை நீக்கினார்கள். காத்திருப்பு பலித்தது: 2004 மார்ச்சில் மாக் 6.8 (அதாவது ஒலியைப் போல 6.8 மடங்கு வேகம்), நவம்பரில் மாக் 9.6.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவின் எச்டிவி-2 வேறு ரகம்: ராக்கெட்டில் ஏவப்பட்டு, பிறகு எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் ஆளில்லா விமானம். 2010 ஏப்ரலில் ஒன்பது நிமிடத்தில் தொடர்பு அறுந்தது. பக்கவாட்டுத் திருப்பம் உருளலாக மாறியதைக் கண்டறிந்து, ஈர்ப்பு மையத்தை மாற்றியமைத்தார்கள். 2011 ஆகஸ்டில் மாக் 20 வேகத்தில் சுமார் மூன்று நிமிடம் நிலையாகப் பறந்தது. பழைய கோளாறு தலைகாட்டவில்லை. இம்முறை மேற்தோல் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உரிந்தது. மூன்றாவது பறப்பு நடக்கவில்லை.

என் வாக்கு எக்ஸ்-43ஏ-வுக்கே. ஆனாலும் மாக் 20 சூழலைப் பல நிமிடங்கள் முழுமையாக உருவாக்கிக்காட்டும் காற்றுச் சுரங்கம் தரையில் கிடையாது. எச்டிவி-2 குழுவினருக்குப் பறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.