பாரிஸ்–போர்தோ 1895, பாரிஸ்–மாட்ரிட் 1903

இரண்டுமே பிரான்சின் பொதுச்சாலைகளில் நடந்த நகர்விட்டு நகர் செல்லும் கார்ப் பந்தயங்கள்தாம். ஆனால் முன்னது பொறுமையையும் பின்னது வேகத்தையும் சோதித்தன.

1895 ஜூனில் பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் சுமார் 1,180 கிலோமீட்டரை, எமில் லெவஸோர் தம் பான்ஹார்ட் வண்டியில் 48 மணி 48 நிமிடங்களில் கடந்தார். ருஃபெக் என்ற ஊரில் அவரை விடுவிக்க வேண்டிய மாற்று ஓட்டுநர், வண்டி இவ்வளவு சீக்கிரம் வருமென எதிர்பாராமல் உறங்கிக்கொண்டிருந்ததால், அவரே தொடர்ந்து ஓட்டினார். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர். ஆயினும் அவருடையது இரண்டு இருக்கை வண்டி என்பதால், முதற்பரிசு ஏறக்குறைய 11 மணி நேரம் பிந்தி வந்த நான்கு இருக்கைப் பெஜோ வண்டிக்குப் போனது. விதிப்படி சரி, நியாயமா என்பது வேறு.

1903 மே 24 அன்று பாரிசை அடுத்த வெர்சாயில் புறப்பட்ட பந்தயத்தில், மோர்ஸ் காரை ஓட்டிய ஃபெர்னான் கப்ரியேல், போர்தோவரை மணிக்கு 105 கிலோமீட்டர் சராசரியில் சென்றார். புழுதியில் முன்வண்டி தெரியவில்லை. கூட்டமோ சாலையிலேயே நின்றது. ரெனோ கார் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஓட்டுநர் மார்செல் ரெனோ உட்படப் பலர் உயிரிழந்ததால், அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது.

பந்தயமாக ரசிக்கத்தக்கது, என் பார்வையில், 1895இல் நடந்ததே.